மேக்னஸ் மில்ஸின் கரந்த அங்கதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேக்னஸ் மில்ஸ் யார்?

1954ஆம் ஆண்டு பர்மிங்காமில் பிறந்து பிரிஸ்டலில் வளர்ந்த ஆங்கிலேய நாவலாசிரியர். உல்வர்ஹாம்ப்டன் பாலிடெக்னிக்கில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவர். வாரிக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மேற்படிப்பைப் பாதியில் விட்டவர். 1979 முதல் 1986 வரை இழுவிசை மிகுந்த கம்பிகளைக் கொண்டு பண்ணைகளுக்கு வேலி போடுவதுதான் அவருடைய பிழைப்பு. அதன்பின் லண்டனுக்கு வந்து பேருந்து ஓட்டுநரானார். 'தி ரெஸ்ட்ரெய்ன்ட் ஆஃப் பீஸ்ட்ஸ்' என்ற முதல் நாவல் 1998இல் வெளியானபோதும் அவர் பேருந்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். அந்த நாவல் அவ்வாண்டின் புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசு இயன் மெக்யூவனின் 'ஆம்ஸ்டர்டாம்' நாவலுக்குப் போயிற்று. நாற்பது வயதைக் கடந்தவர்களின் முதல் நாவலுக்கு வழங்கப்படும் மெக்கிட்டரிக் பரிசை மில்ஸ் மறு ஆண்டு பெற்றார். அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பிஞ்சன் அந்த முதல் நாவலை வியந்து நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

அவருடைய எழுத்தை இருண்ட அங்கதம் என்று சொல்வது ஏன்? படித்தால் யாரையும் திட்டுவதாகவே தெரியவில்லையே?

திட்டுவதாகத் தெரியாததுதான் அதன் தனித்தன்மை. தொல்காப்பியச் செய்யுளியல், வசையும் கேலியுமான அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பகுக்கிறது. முன்னது வசையை வெளிப்படையாகச் சொல்வது. பின்னது வசையைச் சொல்லுக்குள் ஒளித்து வைப்பது. தற்கால ஆங்கிலப் புனைகதையிலும் இவ்விரு வகைகளையும் காணலாம். ஜோனதன் கோ 1994இல் வெளியிட்ட 'வாட் எ கார்வ் அப்!' நாவல் முதல் வகையைச் சேர்ந்தது. வங்கி, ஆயுத வணிகம், தொழிற்சாலை முறைப் பண்ணை, பத்திரிகை, அரசியல் என ஒவ்வொரு துறையிலும் ஒருவராகப் பரவி நாட்டைச் சுரண்டும் வின்ஷா குடும்பத்தைக் கோ பெயர் சொல்லி நிறுத்தி, ஒவ்வொருவரையும் அவரவர் செய்த வினைக்கேற்பத் தண்டிக்கிறார். யாரை வெறுக்க வேண்டும் என்பதில் அங்கே வாசகருக்கு ஐயமே எழாது.

மில்ஸிடம் வெறுக்கத்தக்கவர் என்று ஒருவரும் இல்லை. முதலாளி மரியாதையாகப் பேசுகிறார், தொழிலாளி மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறான், தேநீர் குடிக்கிறார்கள், வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறார்கள், நடுவில் ஒருவர் செத்துப்போகிறார், வேலை தொடர்கிறது. வசை எங்கே என்று தேடினால், 'வேலை தொடர்கிறது' என்பதற்குள்தான் அது ஒளிந்திருக்கிறது.

முதல் நாவலின் கதை என்ன?

ஸ்காட்லாந்தில் இயங்கும் வேலி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஆங்கிலேயர் ஒருவர் கதை சொல்கிறார். அவருக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. நிறுவனத்தை நடத்தும் டொனால்டு அவரைக் கூப்பிட்டு, டாம், ரிச்சி என்ற இரண்டு தொழிலாளிகளுக்கு மேஸ்திரியாக நியமிக்கிறார். அந்த இருவரையும் தனியாக இங்கிலாந்துக்கு அனுப்ப முடியாது என்பதே காரணம். அதற்கு முன் உள்ளூரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மெக்ரிண்டில் என்பவருடைய பண்ணையில் போட்ட வேலியின் கம்பி தொய்ந்துவிட்டது, போய் இறுக்கிக் கொடுக்க வேண்டும். இறுக்கும்போது நேரும் விபத்தில் மெக்ரிண்டில் இறந்துபோகிறார். மூவரும் அவரை அந்த இடத்திலேயே புதைத்துவிட்டு, வேலியைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டதால் கதையின் சுவை கெட்டுவிடாது. இது நாவலின் தொடக்கப் பகுதியிலேயே நடந்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, உயிர் போவதைச் சொல்லும் வாக்கியத்துக்கும் குழி தோண்டுவதைச் சொல்லும் வாக்கியத்துக்கும் தொனியில் எந்த வேறுபாடும் இல்லாததுதான் வாசகரைத் திடுக்கிட வைக்கிறது. அதை யாரும் சுருக்கிச் சொல்லிக் கெடுத்துவிட முடியாது. ஒரு குற்றக் கதை இந்த இடத்திலிருந்து காவல்துறையை நோக்கியோ குற்ற உணர்வை நோக்கியோ நகர்ந்திருக்கும். மில்ஸின் மூவர் இங்கிலாந்துக்குப் போய், ஈரம் கசியும் ஒரு கேரவன் வண்டிக்குள் தங்கி, பகலில் கம்பம் நட்டு, இரவில் மதுக்கூடத்தில் உட்கார்ந்து, சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிச் செலவழிக்கிறார்கள். பிறகு ஹால் சகோதரர்கள் என்ற போட்டித் தொழில்காரர்கள் வருகிறார்கள். வேலித் தொழிலிலும் இறைச்சித் தொழிலிலும் கை வைத்திருக்கும் அவர்களுக்காகப் போடப்படும் வேலி, ஆடுமாடுகளுக்குத் தேவையானதைக் காட்டிலும் உயரமாகிக்கொண்டே போகிறது. 'விலங்குகளைக் கட்டுக்குள் வைத்தல்' என்று பொருள்படும் தலைப்பில் விலங்கு என்பது யார் என்ற கேள்வி அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. கம்பம் நடுபவர்களுக்கு அது கடைசிவரை உறைப்பதாகத் தெரியவில்லை.

'ஆல் கொயட் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' ரயிலைப் பற்றிய நாவலா?

இல்லை. அதில் ரயிலே கிடையாது. 1999இல் வந்த இந்த இரண்டாம் நாவலின் களம் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டம். கோடைப் பருவம் முடிந்து சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் ஓர் இளைஞன் கூடார முகாமில் தங்கியிருக்கிறான். இன்னும் சில நாளில் மோட்டார் சைக்கிளில் கிழக்கே புறப்பட்டு, தரைவழியாகவே இந்தியா வரை போய்விட வேண்டும் என்பது அவன் எண்ணம். முகாமின் உரிமையாளர் பார்க்கர், சும்மாதானே இருக்கிறாய், இந்த வாயிற்கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்துத் தர முடியுமா என்று கேட்கிறார். அவன் சரி என்கிறான்.

அந்த ஒரு 'சரி'யிலிருந்து நாவல் முழுவதும் விரிகிறது. கதவுக்குப் பின் படகுகள், படகுகளுக்குப் பின் வேறு வேலைகள், இடையில் பார்க்கருடைய மகளின் வீட்டுப்பாடம். கூலி எவ்வளவு என்று அவனும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. கடையிலும் மதுக்கூடத்திலும் அவன் பேரில் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊருக்குப் பால் போடும் டீக்கின் என்பவர், அவனோடு சேர்ந்து படகுகளுக்கான நங்கூர எடையை ஏரியில் இறக்கும்போது அதன் சங்கிலியோடு நீருக்குள் போய்விடுகிறார். ஊராரிடத்தில் பெரிய சலனம் எதுவும் இல்லை. பால் யார் போடுவது என்பதுதான் அடுத்த பேச்சு. இந்தியா பின்னுக்குப் போகிறது, பால் வண்டி முன்னுக்கு வருகிறது.

அவரது நூல்களில் எனக்கு மிகவும் அச்சமூட்டியது இதுதான். மற்ற நாவல்களில் மனிதர்களை ஒரு நிறுவனமோ திட்டமோ கோட்பாடோ சிக்க வைக்கிறது. இதில் அந்த இளைஞனைச் சிக்க வைப்பது அவனுடைய நல்ல பழக்கம். மறுத்துப் பேசுவது அநாகரிகம் என்று வளர்க்கப்பட்ட ஒருவன், யாரும் வற்புறுத்தாமலே ஓர் ஊருக்குச் சொந்தமாகிவிடுகிறான்.

அலங்காரமோ உவமையோ இல்லாத வாக்கியங்களில் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது?

திரும்ப வருவதிலிருந்தும், விட்டுவிடுவதிலிருந்தும். முதல் நாவலில் டாமும் ரிச்சியும் சிகரெட் பற்றவைக்கும் காட்சி ஏறக்குறைய அதே அசைவுகளோடு பலமுறை வருகிறது. முதல் முறை அது வெறும் தகவல். மூன்றாம் முறை புன்னகை வருகிறது. ஒரு மரணத்துக்குப் பின்னும் அதே வரிசையில் அதே சடங்கு நடக்கும்போது, சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

விட்டுவிடுவது என்பது, கதைசொல்லி தன் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லாமலிருப்பது. மில்ஸின் கதைசொல்லிகள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். கையில் இருக்கும் கருவியைப் பற்றியும் நாளைய வேலையைப் பற்றியும் துல்லியமாகச் சொல்வார்கள். பயந்தேன், வருந்தினேன், வெட்கப்பட்டேன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். உணர்ச்சி இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதால் வாசகர் தம்முடையதைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறார். இந்த உத்தி புதியதன்று. ஏழைகளின் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று 1729இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய சிறுநூல், எடையும் விலையும் கணக்கிடும் கணக்கப்பிள்ளையின் நிதானத்தில்தான் பேசியது. ஆனால் ஸ்விஃப்ட் முகமூடி அணிந்திருப்பது நமக்குத் தெரியும். மில்ஸிடம் முகமூடி எங்கே முடிகிறது என்பதே தெரிவதில்லை.

விமர்சகர்கள் அவரைக் காஃப்காவோடு ஒப்பிடுகிறார்களே?

ஓரளவுக்கே பொருந்தும். 'விசாரணை', 'கோட்டை' நாவல்களை எழுதிய காஃப்காவின் அதிகாரம் தொலைவில் இருக்கிறது. அதைச் சென்றடைய முடியாததுதான் அங்கே துயரம். மில்ஸின் அதிகாரம் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு வண்ணப்பூச்சு டப்பாவோடு நின்றுகொண்டிருக்கிறது. விலகிப் போகத் தோன்றாததுதான் இங்கே துயரம். 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை எழுதிய பெக்கெட்டின் பெயரையும் சொல்வார்கள். அவருடைய ஆட்கள் எதற்காகவோ காத்திருக்கிறார்கள். மில்ஸின் ஆட்களுக்குக் காத்திருக்க நேரமில்லை, மாலைக்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

அவருடைய எழுத்தில் அரசியல் உண்டா?

கட்சி அரசியல் இல்லை. உழைப்பின் அரசியல் நிறைய உண்டு. அவர் வேலி போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் பிரிட்டனில் வேலையின்மை உச்சத்தைத் தொட்ட ஆண்டுகள். 1982இல் வேலையற்றோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியது. பொருளாதாரம் படித்து, உடலுழைப்பில் பிழைத்த ஒருவர் அக்காலத்தில் எதைக் கவனித்திருப்பார் என்பதற்கு 2003இல் வெளியான 'தி ஸ்கீம் ஃபார் ஃபுல் எம்ப்ளாய்மென்ட்' நாவலே பதில்.

எல்லாருக்கும் வேலை கொடுப்பதற்காக ஒரு மாபெரும் திட்டம் நடக்கிறது. யூனிவேன் என்று அழைக்கப்படும் ஒரே மாதிரியான வேன்கள் ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்கின்றன. பெட்டிகளில் இருப்பவை யூனிவேன்களுக்கான உதிரிப் பாகங்கள். உதிரிப் பாகங்கள் எதற்கு என்றால், யூனிவேன்கள் ஓடுவதற்கு. யூனிவேன்கள் ஓடுவது எதற்கு என்றால், உதிரிப் பாகங்களைக் கொண்டுபோவதற்கு. எட்டு மணி நேர வேலை, நியாயமான சம்பளம், யாருக்கும் தீங்கில்லை.

பிரிட்டிஷ் பொருளியலாளர் கெயின்ஸ் 1936இல் எழுதிய தம் பொருளாதார நூலில், அரசாங்கம் பழைய புட்டிகளில் பணத்தாள்களை அடைத்துக் கைவிடப்பட்ட சுரங்கங்களில் புதைத்து, அவற்றைத் தோண்டியெடுக்கும் வேலையைத் தனியாரிடம் விட்டாலும் வேலையின்மை தீரும் என்று பாதி வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்த நாவல் அந்தப் புட்டிகளை நினைவூட்டாமல் இராது.

நாவலில் இந்தத் திட்டத்தைக் கவிழ்ப்பது வெளியார் எவரும் அல்லர். வேலை முடிந்துவிட்டால் சிறிது முன்னதாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்போருக்கும், எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரமும் இருந்தாக வேண்டும் என்போருக்கும் இடையே தொழிலாளர்கள் பிளவுபடுகிறார்கள். அந்தப் பத்து, இருபது நிமிடச் சண்டை வேலைநிறுத்தமாக வளர்கிறது. வலதுசாரி வாசகர் இதை அரசாங்கச் செலவைப் பற்றிய கேலியாகவும், இடதுசாரி வாசகர் தம் இயக்கங்களின் பிளவைப் பற்றிய கேலியாகவும் படிக்கலாம். ஆசிரியர் இருவரையும் தடுப்பதில்லை. என் வாசிப்பில், அந்த வேன் ஓட்டுநர்களின் மீது அவருக்கு இருப்பது பரிவுதான். பயனற்ற வேலையாக இருந்தாலும், காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருப்பது சிறிய விஷயமன்று என்பதை அறிந்தவரின் பரிவு அது.

பேருந்து ஓட்டுநராக இருந்த அனுபவத்தை நேரடியாக எழுதியிருக்கிறாரா?

2009இல் வெளியான 'தி மெயின்டனன்ஸ் ஆஃப் ஹெட்வே' முழுக்க முழுக்க அதுதான். ஹெட்வே என்பது பேருந்துத் தொழிலில், ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓடும் இரண்டு வண்டிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. இந்த இடைவெளியைக் காப்பது ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொண்டால்தான் நாவலின் நகைச்சுவை முழுமையாகப் பிடிபடும். ஒரு வண்டி சிறிது தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றுவதால் அது மேலும் தாமதமாகும். அதன் பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே இராது. எனவே அது விரைந்து வந்து முன்வண்டியின் வாலைப் பிடித்துவிடும். அரை மணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு மூன்று சேர்ந்து வருவதற்கு ஓட்டுநரின் சோம்பல் காரணமன்று, கணக்கு அப்படி.

ஆனால் நாவலில் வரும் பரிசோதகர்களுக்கு இடைவெளி என்பது வேதவாக்கு. தாமதமாக வந்தால் மன்னிப்பு உண்டு. முன்னதாக வருவதற்கு மட்டும் எந்தச் சாக்கும் செல்லாது. ஆகவே பயணிகள் உள்ளே உட்கார்ந்திருக்க, சாலையும் காலியாக இருக்க, வண்டி ஓரமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. பயணிகளைக் கொண்டு சேர்ப்பதற்காக உண்டான அமைப்பு, தன் ஒழுங்கைக் காப்பதற்காகப் பயணிகளைக் காக்க வைக்கிறது. இந்த நாவலில் யாரும் கொல்லப்படுவதில்லை. இருந்தும் முதல் இரண்டு நாவல்களின் வரிசையில் வைக்கத் தக்கது இதுவே என்பது என் எண்ணம். நகரத்துப் பெரிய கடைவீதி முதலியவற்றை அவற்றின் பெயரால் குறிக்காமல், இவரே இட்ட பட்டப்பெயர்களால் குறித்துச் செல்லும் விதமும் தனிச் சுவை. லண்டனைப் பற்றிய நாவல் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

'எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் தி நியூ செஞ்சுரி' பயணக் கதையா?

பயணக் கதையின் உடுப்பில் வரும் வேறொன்று. 2005இல் வெளியான இந்நாவலில் ஜான்ஸ் என்பவரின் குழுவும் டோஸ்டிக் என்பவரின் குழுவும் ஒப்புக்கொள்ளப்பட்ட மிகத் தொலைவான புள்ளி ஒன்றை யார் முதலில் அடைவது என்று போட்டியிட்டுக்கொண்டு, கல்லும் சரளையுமான நிலத்தில் கோவேறு கழுதைகளோடு நடக்கிறார்கள். தென் துருவத்தை 1911 டிசம்பரில் அமுண்ட்சென் முந்திக்கொண்டு அடைந்ததையும், 1912 ஜனவரியில் ஸ்காட் பிந்தி அடைந்து திரும்பும் வழியில் மாண்டதையும் நினைத்துக்கொண்டுதான் எவரும் இதைப் படிப்பார்கள். (ஸ்காட்டின் குழுவைத் தேடி 1912இன் இறுதியில் புறப்பட்டவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்ட கோவேறு கழுதைகளோடு சென்றார்கள் என்பது வரலாறு.) பாதிக்கு மேல் ஒரு திருப்பம் இருக்கிறது. அதைச் சொன்னால் இந்த நாவல் உண்மையாகவே கெட்டுவிடும். பயணத்தின் நோக்கம் என்ன, யார் யாரை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது தெரியவரும்போது, அதுவரை ரசித்த வீரமும் ஒழுக்கமும் தோழமையும் வேறு நிறத்தில் தெரியத் தொடங்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மனிதர்கள் சாவதைக் கேலியாக எழுதுவது அறமா?

அடிக்கடி வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. மில்ஸ் சாவைக் கேலி செய்வதில்லை. சாவைச் சுற்றியிருப்பவர்களின் அவசரத்தைத்தான் எழுதுகிறார். டீக்கின் மூழ்கும் காட்சியில் மூழ்குபவரைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. அடுத்த நாள் பாலைப் பற்றிய பேச்சில்தான் வருகிறது, வந்த கையோடு கூசவும் செய்கிறது. பணியிடத்தில் ஒருவர் விபத்தில் இறந்தால் அடுத்த பணிமுறைக்கு ஆள் பிடிக்கும் வேலை அன்றைக்கே தொடங்கிவிடுவதைக் கண்டவர்களுக்கு இது மிகைப்படுத்தலாகவும் தோன்றாது. எனினும் சமநிலை எப்போதும் கைகூடியது என்று சொல்லமாட்டேன். முதல் நாவலில் விபத்துகள் பெருகப் பெருக, ஒரு கட்டத்தில் மரணம் வெறும் கதைப்பொறியாகிவிடும் அபாயம் இருக்கிறது.

பெண் பாத்திரங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

அது குறைதான். அவருடைய உலகம் ஆண்கள் வேலை செய்யும், ஆண்கள் குடிக்கும், ஆண்கள் சண்டையிடும் உலகம். 2001இல் வந்த 'த்ரீ டு சீ தி கிங்' நாவலில், வெட்டவெளிச் சமவெளியில் தகர வீட்டில் தனியே வாழும் ஒருவனிடம் மேரி பெட்ரி என்ற பெண் வந்து தங்குகிறாள். அவள் கேட்கும் கேள்விகளில் உயிர் இருக்கிறது. ஆனால் தொலைவில் மைக்கேல் ஹாக்கின்ஸ் என்பவர் பெரும் பள்ளம் ஒன்றைத் தோண்டத் தொடங்கியதும், ஒவ்வொருவராகத் தம் தகர வீட்டைப் பெயர்த்துக்கொண்டு அவரைப் பின்தொடரும் கதையாக நாவல் மாறிவிடுகிறது. மேரி ஓரத்துக்குப் போய்விடுகிறாள்.

பிற்காலத்து நாவல்கள் எப்படி?

தொழிலின் மணம் குறைந்து, உருவகத்தின் மணம் கூடிவிட்டது. 2011இல் வந்த 'எ க்ரூயல் பேர்ட் கேம் டு தி நெஸ்ட் அண்ட் லுக்ட் இன்' பேரரசர் காணாமற்போன ஒரு கற்பனைப் பேரரசின் அரசவையைக் காட்டுகிறது. விண்ணியல் அறியாதவர் அரசவை வானியலாளராக இருக்கும் வேடிக்கையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உலகத்தில் யாருக்கும் கை காய்த்துப்போவதில்லை. கம்பியின் இழுவிசையைப் பற்றி மில்ஸ் எழுதும்போது இருக்கும் உறுதி, பேரரசைப் பற்றி எழுதும்போது இல்லை.

2015இன் 'தி ஃபீல்ட் ஆஃப் தி க்ளாத் ஆஃப் கோல்ட்' இதற்கு ஓரளவு விதிவிலக்கு. புதுமையான புனைகதைக்கு வழங்கப்படும் கோல்ட்ஸ்மித்ஸ் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தது. ஒரு பெரிய புல்வெளியில் ஒருவர் பின் ஒருவராக வந்து கூடாரம் அடிக்கிறார்கள். முதலில் வந்தவர் யார், பின்னால் வந்தவருக்கு என்ன உரிமை என்ற மனக்கசப்பு மெல்ல ஏறுகிறது. பிரிட்டனுக்குள் அலை அலையாக வந்து குடியேறியவர்களின் வரலாற்றை இதற்குள் காண்பது எளிது. குடியேற்றம் பற்றிய சண்டை நாட்டையே கலக்கிக்கொண்டிருந்த காலத்தில் வந்த நூல் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

2017இன் 'தி ஃபொரென்சிக் ரெக்கார்ட்ஸ் சொசைட்டி'யில் சில ஆண்கள் மதுக்கூடத்தின் பின்னறையில் கூடி, கருத்தே சொல்லாமல் இசைத்தட்டு கேட்க ஒரு சங்கம் அமைக்கிறார்கள். விதிகள் கடுமையாகின்றன, எதிர்ச்சங்கம் முளைக்கிறது, பிளவு பெருகுகிறது. ஏதாவது ஒரு சங்கத்தில் செயற்குழு உறுப்பினராக இருந்தவர்கள் தவறாமல் படிக்க வேண்டியது.

அவரைத் தமிழாக்கினால் சரியாக வருமா?

வாக்கியங்கள் எளியவை என்பதால் வேலையும் எளிதாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் முதல் உரையாடலிலேயே தடுக்கும். மில்ஸின் ஆங்கிலத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் விளிக்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. முதல் நாவலின் டொனால்டைத் தொழிலாளிகள் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். இரண்டாம் நாவலில் பார்க்கருக்கு முன்னால் மட்டும் 'மிஸ்டர்' ஒட்டிக்கொள்கிறது. அதிகாரம் அந்தச் சமத்துவத் தோற்றத்துக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது. தமிழிலோ, வாயைத் திறந்ததும் நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும்; அடியுங்கள், அடி, அடிப்பா, அடிச்சிடுங்களேன் என்று ஒவ்வொன்றிலும் யார் மேல், யார் கீழ் என்பது வெளியே வந்துவிடும். ஆசிரியர் ஒளித்துவைத்ததை மொழியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழி, எல்லாரையும் எல்லாரும் 'நீங்கள்' என்றே விளிக்க வைப்பது. அந்த அளவுக்கு மீறிய மரியாதை தமிழ்க் காதுக்குச் சற்றே விநோதமாக ஒலிக்கும். ஆனால் மரியாதையே பொறியாக அமையும் கதைகளுக்கு அந்த விநோதம் தேவையும்கூட. மொழிபெயர்ப்பாளர் தவிர்க்க வேண்டியது, பாத்திரங்களை ஏதேனும் ஒரு வட்டாரப் பேச்சில் உயிர்ப்பாகப் பேச வைக்கும் ஆசை. உயிர்ப்பு வந்துவிட்டால் மில்ஸ் போய்விடுவார்.

முதல் நாவலுக்குப் பத்து லட்சம் பவுண்ட் வாங்கினார் என்பது உண்மையா?

இல்லை. பேருந்து ஓட்டுநர் ஒரே நாளில் கோடீசுவரர் ஆனார் என்று 1998இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் பரப்பிய கதை அது. அவர் பெற்ற முன்பணம் அதில் மிகச் சிறிய பங்குதான். அந்தச் செய்தியை அவரே ஒரு நாவலாக எழுதியிருக்கலாம்.

திரைப்படமாக வந்திருக்கிறதா?

போலந்தில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி, பின்னாளில் 'இடா' படத்தின் மூலம் உலகப் புகழ் பெற்றவர், முதல் நாவலைப் படமாக்கத் தொடங்கினார். ரைஸ் இஃபான்ஸும் பென் விஷாவும் நடித்தார்கள். இயக்குநரின் மனைவி கடுமையாக நோயுற்றதால் 2006இல் படப்பிடிப்பு பாதியில் நின்றது. பிறகு அது முடிக்கப்படவில்லை.

எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

பெரும்பாலோர் முதல் நாவலைத்தான் சொல்வார்கள். நான் 'ஆல் கொயட் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' என்பேன். அதில் வேலியைப் பற்றியோ கம்பி முறுக்கும் கருவிகளைப் பற்றியோ எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒரு முறையாவது மறுக்கக் கூச்சப்பட்டுச் சரி என்று சொல்லியிருந்தால் போதும். அடுத்து 'தி ரெஸ்ட்ரெய்ன்ட் ஆஃப் பீஸ்ட்ஸ்'. போக்குவரத்துத் துறையில் இருப்பவர்கள் வரிசையை மாற்றி 'தி மெயின்டனன்ஸ் ஆஃப் ஹெட்வே'யை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நேரம் இல்லை என்பவர்களுக்கு 2010இல் வந்த 'ஸ்க்ரூடாப் தாம்ஸன்' சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது. பேரரசைப் பற்றிய நூலை மட்டும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.